கிணற்று நீரில் வைத்த குடுவை

இன்று காலை புரோமீன் போத்தலின் மூடியைத் திறந்ததும், மூக்கை அரிக்கும் அந்த நெடியோடு நீயும் வந்துவிட்டாய். "கிட்டப் போகாதை, உது உறவு கொண்டாடிற சாமான் இல்லை" என்று என்னைத் தள்ளி நிறுத்துவாயே, அதே குரலோடு.

தோழிகள் நாம் இருவரும் ஒரே மேசையில் ஆராய்ச்சி செய்த காலத்தில், ஆய்வுகூடத்துக்கு மின்சாரம் விருந்தாளி போல வந்து போகும். வெப்பநிலை ஓரிடத்தில் நிற்காவிட்டால் இரசாயனத் தாக்கத்தின் வேகத்தை அளந்து பயனில்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். நீ வாளியோடு கிணற்றடிக்குப் போனாய். அள்ளிய நீரில் குடுவையை இறக்கி, வெளிச்சம் படாமல் உன் கறுப்புக் குடையை மேலே கவிழ்த்தாய். நீர் சூடேறுமுன் அடுத்த வாளி வந்துவிடும்.

குடுவைக்குள் நாமே தயாரித்த, வளைய வடிவ அரோமற்றிக் சேர்மமும் புரோமீனும். இடையிடையே கொஞ்சம் எடுத்து, மீதிப் புரோமீனை அளந்து, வரைபில் புள்ளி வைப்போம். புரோமீனை இரட்டித்தபோது வேகம் நான்கு மடங்கானது. நான் முழித்தேன். உனக்கு உடனே விளங்கிவிட்டது.

"ஒரு புரோமீன் மூலக்கூறு தன்ரை ஒரு அணுவாலை வளையத்தைப் பிடிக்குது. அதின்ரை மற்ற அணு விட்டுப் போகேலாமல் அந்தரிக்குது. அதை இழுத்தெடுக்க இன்னொரு புரோமீன் வருது. ரெண்டு பக்கமும் இரட்டிச்சால் நாலு மடங்குதானே. ரெண்டு பேர் இல்லாமல் காரியம் நடக்காது, எங்களைப் போலை."

உன் ஆய்வைப் பார்க்க வந்த பரீட்சகர் ஒப்பவில்லை. இவ்வளவு வேகமான சேர்மத்துக்கு ஒரு புரோமீனே போதும், மற்றதெல்லாம் வாளித் தண்ணீரின் பிழை, அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் பட்டம் தரலாம் என்றார்.

"சேர், வாளிக்குள்ளை கையை வைச்சுப் பாருங்கோ. எங்கடை கிணறு காலமையும் மத்தியானமும் ஒரே குணம்."

அவர் கை வைக்கவில்லை. நீயும் அத்தியாயத்தை எடுக்கவில்லை. "சரியெண்டு தெரிஞ்சதை நான் ஏன் வெட்டவேணும்?" என்றாய். பட்டம் இல்லாமலே கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாய். எனக்கு உன்மேல் பொல்லாத கோபம். வீம்புக்காரி, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். போன வருடம் உன் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோதுகூட அந்தக் கோபம் முழுதாக ஆறவில்லை.

இன்று ஆறியது. வெப்பத்தைச் சீராகக் காக்கும் புதிய மின்தொட்டி எங்களுக்கு வந்திருக்கிறது. அதை நம் கிணற்றின் வெப்பநிலைக்கு வைத்து, என் மாணவியோடு அதே சேர்மத்தை அளந்தேன். புரோமீனை இரட்டித்தோம். வேகம் நான்கு மடங்கு. உன் பழைய புள்ளிகளை அதே வரைபில் இட்டதும், எல்லாம் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன.

"மிஸ், உந்தப் பழைய புள்ளியள் எந்த மெசினிலை எடுத்தது?"

"மெசின் இல்லைப் பிள்ளை, கிணத்துத் தண்ணி" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புரோமீன் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீ விட்டுப்போன வீம்பு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மாலையில் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். முதலில் உன் பெயர், அடுத்தது என்னுடையது. வெப்பநிலையை எப்படிக் காத்தோம் என்று சொல்லவேண்டிய இடத்தில், கிணற்று நீர் என்றே எழுதியிருக்கிறேன்.