வெளுத்த பஞ்சு

1996 நவம்பர் 12, செவ்வாய்

இன்றும் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. சனிக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று அம்மா வீட்டையே தேய்த்துக் கழுவினார். என்னைக் கேட்காமல் மீன்தொட்டி ஃபில்டரின் பஞ்சையும் எடுத்து, சோப்பும் கொதிநீரும் விட்டு வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டார். அந்தப் பழுப்பு வழுவழுப்பில்தான் பக்டீரியாக்கள் இருந்தன. மீன்களின் கழிவில் உண்டாகும் நஞ்சை மாற்றுவது அவைதான். மீன் வாங்கிய அன்றே கடைக்கார அம்மா இதை எனக்கு விளக்கியிருந்தார்.

"சாப்பாட்டைக் கூடப் போட்டிருப்பாய்," என்றார் அப்பா. "பள்ளிக்கூடத்தையும் விட்டாய், இப்ப மீனையும் சாகவிட்டாய்."

"அம்மா பஞ்சைக் கழுவினபடியாலதான்..." என்றேன்.

"ஊத்தையைக் கழுவினா ஆரும் சாவினமோ?" என்றார் அம்மா. அக்கா சிரித்தாள்.

செய்தது அம்மா, பழி மட்டும் எனக்கு. மன்னிப்புக்கூட வேண்டாம், நான் சொல்வதைக் கேட்டிருக்கலாம்.

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டேன். மிச்ச மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. கடைத் தொட்டியில் ஊறிய பழைய பஞ்சு ஒன்றை வைத்தால் பிழைக்கக்கூடும். நாளை காலை நானே போய்க் கேட்பேன். அதையும் அம்மா கழுவ எடுத்தால், பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னாலேயே சத்தம் போடுவேன்.