கூண்டுக்குள் கூண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சின்னவள் வணக்கத்துடன் எழுதுவது. இடுப்பு வலி எப்படி இருக்கிறது? குனிந்தபடியே கம்பி கட்டாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்! நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே ஆய்வகத்தில் நானும் உங்கள் தொழில்தான் செய்கிறேன்; வாயுவை அடைத்துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத கம்பிக்கூண்டு கட்டுகிறேன். மூலைக்கு மூலை உலோக அணு. அவற்றை இணைக்கும் கம்பிதான் லிகண்ட் என்கிற மூலக்கூறு. கம்பியின் நீளமும் வளைவும் எப்படியோ, கூண்டும் அப்படித்தான் அமையும். உள்ளே நிறைய வாயு அடைக்கலாமே என்று நீளக் கம்பியாகப் போட்டேன். இடம் காலியாக இருந்ததா, முதல் கூண்டைத் தொடாமலே அதற்குள் இன்னொரு கூண்டு வளர்ந்துவிட்டது!

"இவ்வளவு அழகா வளர்ந்து என்ன பிரயோஜனம்? உள்ள இடமே இல்லையே!" என்று பேராசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்புறம் கம்பியின் நடுவில் ஒரு கிளை வைத்தேன். அது இடித்ததால் இரண்டாவது கூண்டு வரவில்லை. நேற்று படம் எடுத்துப் பார்த்தால், உள்ளே முழுக்கக் காலி. எல்லோரும் கைதட்டினார்கள்.

அதைச் சொல்ல அறைக்கு ஓடிவந்தேன். பக்கத்து அறைக்காரியும் நானும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம். நாலு மாதமாகியும் அவள் செருப்புச் சத்தம் மட்டும்தான் எனக்குப் பழக்கம். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று அப்பா. போனில் பேசும்போது கம்பி வெட்டுகிற சத்தம் எனக்குத் தொந்தரவு என்று தள்ளிப் போய் நிற்பீர்களே, இனிமேல் போகாதீர்கள். மெஷின் பக்கத்திலேயே நில்லுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் சின்னவள்