கோட்டுப் பையில் இரண்டு கராம்பு

அன்பின் அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கோ. மகன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். நாளைக்குப் போடவென்று உங்கள் கறுப்புக் கோட்டை எடுத்தேன். பைக்குள் கைவிட்டால் இரண்டு கராம்பு. வழக்குப் பேச எழும்பமுன் தொண்டைக்கென்று ஒன்றை வாயில் போடுவீர்களே, அதே மணம். உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு உங்கள் மகள் என் பென்டில் ஹில் வீட்டுக்கு வந்து, "அம்மா இதை உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ" என்று தந்தது. இன்றுவரை போட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை.

உங்களோடு முதன்முதல் நீதிமன்றம் வந்தபோது, அலுவலர் என்னைப் பார்த்ததும் மொழிபெயர்ப்பாளரின் கதிரையைக் காட்டினார். நானும் அந்தக் கதிரையில் இருக்கப் போனேன்.

"எழும்படி," என்றீர்கள். "எனக்கும் முந்தி உந்தக் கதிரையைத்தான் காட்டினவை. நான் சட்டத்தரணியளின்ர மேசையில போய் இருந்திட்டு, வடிவா ஒரு குட்மோர்னிங் சொன்னனான்."

உங்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. விசாரணை தொடங்க வெகுமுன்னமே போய், அனுமதி கேட்டு, வெறும் சாட்சிக் கூண்டில் கொஞ்சநேரம் இருப்பீர்கள். என்னையும் இருத்தினீர்கள். "இஞ்சயிருந்து பார், நீதிபதி எவ்வளவு உயரத்தில எண்டு. படகில வந்த சனம் இதில இருந்துதான் தங்கட கதையைச் சொல்ல வேணும்." அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்காரரிடமும் "ஏன் பயப்பிடுறீங்கள்?" என்று நான் கேட்டதில்லை.

மகன் பிறந்து வேலைக்குத் திரும்பிய நாள் நினைவிருக்கிறதா? வாதம் நீண்டுகொண்டே போக, பால் கட்டி, சட்டை நனையத் தொடங்கியது. கோப்பால் மறைத்தேன். நீங்கள் கண்டுவிட்டீர்கள். எழுந்து, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், என்னோடு வந்த சட்டத்தரணி கைக்குழந்தைக்காரி, பால் எடுக்க அவருக்குச் சிறு இடைவேளை வேண்டும் என்று கேட்டீர்கள். இப்படியும் கேட்கலாமா என்று நான் யோசிக்க முன்னமே நீதிபதி தலையசைத்தார்.

விறாந்தையில் வைத்து, "அவை என்ன நினைப்பினம் அக்கா?" என்றேன்.

"நினைக்கட்டும். என்ர மூத்தவளுக்கு நான் கேக்கேல்ல. கைகழுவுற தொட்டியில பாலைப் பிழிஞ்சு ஊத்திப்போட்டு வந்து வாதாடினனான். அதைக் கெட்டித்தனம் எண்டு வேற நினைச்சன். விசர்!"

நாளை முதல்முறையாக நான் தனியே. செவன் ஹில்ஸில் இருக்கும் ஒரு தாயின் வழக்கு. தோற்றால் அவ இந்த நாட்டில் இருக்க ஏலாது. இடையில் பால் எடுக்க எனக்காக நானே இடைவேளை கேட்க வேண்டும். அதனால் அவவின் வழக்குக் கெட்டுவிடுமோ என்றுதான் நித்திரை வரவில்லை. பின்னேரம் அவவிடமே சொன்னேன்.

"கேளுங்கோ தங்கச்சி," என்றா. "உங்களுக்கே கேக்கப் பயந்தா, எனக்கு எப்பிடிக் கேப்பியள்?"

உங்களைக் கண்டேயிராத மனுசி, அக்கா.

காலையில் முன்னமே போய் அந்தக் கூண்டில் இருப்பேன். பிறகு அவவையும் இருத்துவேன். ஒரு கராம்பு எனக்கு, மற்றது அவவுக்கு. அன்றைக்கு எனக்காக எழுந்து கேட்டபோது உங்களுக்கும் பயமாக இருந்ததா? அதை மட்டும் நான் கேட்கவேயில்லை.

கெதியாப் பதில் எழுதுங்கோ.