பூங்கொடி பூசிய கிரீஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரதாப்பின் வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போனில் சொன்னால் நடுவில் “சாப்பிட்டியா” என்பாய். அதனால் எழுதுகிறேன்.

என் முதுகலை ஆய்வுக்கு ஓசூர் பக்கத்துச் சானமாவில் பூங்கொடி என்பவர் அரை ஏக்கர் தக்காளியைக் கொடுத்திருக்கிறார். என்னை நம்பி ஒரு சொட்டு மருந்தும் அடிக்கவில்லை. காய்ப்புழுவின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிகள் பொரிந்து வரும், முட்டை ஒட்டிய காகித அட்டைகளை இலைகளில் குத்தினேன். மூன்றாம் நாள் அட்டைகள் காலி. எல்லாம் பொரிந்துவிட்டன என்று நோட்டில் எழுதினேன்.

“பொரிச்சா ஓடு கெடக்கணுமில்லைங்க சார்? இது வழிச்சு வெச்சாப்புல இருக்குது. எறும்பு தின்னுட்டுப் போயிருக்குது” என்றார் பூங்கொடி.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஐந்து வருடம் பூச்சியைப் படித்த எனக்குத் தோன்றவில்லை. வேறொருவர் என்றால் அன்றே மருந்தடித்திருப்பார், என் ஆய்வும் பாழாகியிருக்கும். இவரோ ஃபேக்டரியில் வேலை செய்யும் கணவரிடம் கிரீஸ் வாங்கி, புது அட்டைகளை நூலில் தொங்கவிட்டு, நூலில் அதைப் பூசினார். எறும்பால் தாண்ட முடியவில்லை. நேற்று அட்டை முழுக்க ஓட்டை விழுந்த ஓடுகள்.

“இப்ப எழுதிக்குங்க சார்” என்று சிரித்தார். ஆய்வேட்டில் அவர் பெயரைப் போடுவேன். கைடு முறைத்தால் முறைக்கட்டும்.

உன் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல்கண்டு அனுப்பு. ஓசூரிலும் கிடைக்கும்தான், இருந்தாலும் அனுப்பு. வெயில் ஏறுவதற்குள் அடுத்த அட்டைகளைக் கட்ட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. சாப்பிட்டியா என்றே கேள்.

உன் மகன்,
பிரதாப்