களம் முழுக்க ஈரம்

சித்திரை, ஞாயிறு இரவு

முதலாளி பூட்டிவிட்டுப் போன ஹாலோ பிளாக் கம்பெனியைப் போராடி எடுத்து நாங்களே நடத்தும் முதல் வாரம் இது. புதுக் கற்களுக்கு விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், காய்ந்தால் வெடித்துவிடும். லீவு நாளில் அதை யார் செய்வது என்று நேற்றுக் கூட்டத்தில் பேசவே இல்லை. முதல் லோடு குன்னத்தில் கூரை வீட்டுக்காரர்களுக்குத்தான் என்று முடிவு செய்வதற்குள் நேரம் போய்விட்டது.

"நான் வந்து நிக்கலன்னா ஒருத்தனும் தண்ணி ஊத்த மாட்டான்" என்பார் முதலாளி. அந்தப் பேச்சு மண்டையைக் குடைய, மத்தியானம் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன்.

களம் முழுக்க மழை பெய்த மாதிரி ஈரம். கலவை போடும் செல்வி அக்கா குடத்தோடு நின்றார்.

"நீங்களும் வந்துட்டீங்களா? யாரும் வர மாட்டாங்கன்னுதான் நான் வந்தேன். பாத்தா, எனக்கு முன்னாடியே மிஷின்காரரு ஊத்திட்டுப் போயிருக்காரு. அவருக்கு முன்னாடி லோடுமேனுங்க."

ஆளாளுக்கு ஊற்றியதில் தொட்டி காலி. நாளைக் காலையில் கலவை போடச் சொட்டுத் தண்ணீர் இல்லை. முறை வைத்துக்கொள்ளாதது எங்கள் தப்புதான். டேங்கருக்குச் சொல்லிவிட்டு, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

முதலாளி இன்று வந்து நின்றிருக்க வேண்டும். செருப்பு நனைந்திருக்கும்.