புஷ்பம் அக்கா போட்ட ஒன்று

3 ஜூன், செவ்வாய்

வேலை போன பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் மனோதத்துவம் படிக்கிறேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து மனைவியின் சமையலுக்குக் குறை சொல்வதைவிட இது ஆபத்தில்லாதது. இந்த வாரப் பாடம் நம்பிக்கை. பத்துக் கேள்விக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும்; முதலில் நாமே ஒரு தாளில் போட்டுவிட்டு, இன்னொருவரிடமும் வாங்கி வர வேண்டும்.

லிங்கி ரப்பர் தோட்டத்துப் புஷ்பம் அக்காவிடம் போனேன். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் அக்கா தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"இனிமே நல்லது நடக்கும்னு நம்புறீங்களாக்கா?"

"ஒன்னு போடு தம்பி."

பத்துக்கும் ஒன்றுதான். மனம் தளரக்கூடாது என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அக்கா கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எதுக்குப்பா எழவு வீட்டுக்கு வந்த மாதிரி பேசுற? நம்பர் ஒன்னுன்னா மொத எடம்தானே? பக்கத்து ஊரு பெடாஸ்ல வீடு பாத்துட்டேன்லா. வாசல்ல வடை போட எடம் இருக்கு."

ஐந்துதான் உச்சம் என்பதை இந்த மேதை சொல்ல மறந்திருக்கிறான்.

"ஒனக்கு எத்தன போட்டுக்கிட்ட?"

"எல்லாத்துக்கும் அஞ்சுக்கா."

"அடப்பாவி, கடைசியா!"

இருவரும் சிரித்தோம். வாத்தியாருக்காகப் பொய்யாகப் போட்ட ஐந்துகள் அவை. ஐந்து என்றால் கடைசி என்ற அக்காவின் கணக்கில்தான் அவை உண்மை. அவருடைய தாளைத் திருத்திவிட்டேன். என்னுடையது இன்னும் திருத்தாமல் மேசை மேல்தான் இருக்கிறது.