எம் புள்ளி தவராசா

9.2.1982 செவ்வாய்

இன்று ஒரேயொரு புள்ளியை வைத்துக்கொண்டு ஊர்களையெல்லாம் திருத்தினேன்.

கப்பல் சாமான் ஏற்றி இறக்கும் எங்கள் கம்பனியின் சீனன்குடா அலுவலகத்துக்குக் கொம்பியூட்டர் வந்து சில மாதம்தான். வேலையாட்களின் பெயரும் ஊரும் ஆங்கில எழுத்தில் அதற்குள் இருக்கின்றன. தட்டி ஏற்றியது நானும் என்னோடு வேலை செய்யும் பரீனாவும். அவசரத்தில் தோப்பூருக்கு நான் ‘யூ’ போட்ட இடத்தில் அவள் ‘ஓ’ போட்டிருக்கிறாள். கந்தளாயும் அப்படித்தான். ஒவ்வொன்றாய்த் தேடினால் கண் போய்விடும்.

இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இன்று வழி கண்டுபிடித்தேன். தேடச் சொல்லும் சொல்லில், சந்தேகமான எழுத்துக்குப் பதில் ஒரு புள்ளி வைத்தால் போதும். புள்ளி என்றால் ‘இங்கே எந்த எழுத்து இருந்தாலும் சரி’ என்று அர்த்தமாம். எல்லாத் தோப்பூரும் ஒரே தட்டில் ஒரே தோப்பூராகிவிட்டது.

இரவு என் புருஷன் பேணாட்டிடம் சொன்னேன். தன்னுடைய குடை எந்த பஸ்ஸில் போயிருக்கும் என்று அதனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். கப்பலில் சாமான் தூக்கும் விஞ்ச் இழுக்கிறவருக்குப் பகிடி மட்டும் குறைவில்லை.

11.2.82 வியாழன்

புது உத்தரவு. துறைமுக வாசலில் எல்லாருக்கும் புது பாஸ். அதில் முதலெழுத்து இருக்கக் கூடாது, பெயர் முழுதாக இருக்கவேண்டும். மார்ச் முதலாந் திகதிக்குப் பிறகு பழைய பாஸோடு வருகிறவரை உள்ளே விடமாட்டார்கள். மனேஜர் ஸைனுலாப்தீன் ஸேர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். மூன்றாவது ஆள் யாரும் இல்லைத்தானே.

12.2.82 வெள்ளி

என்ன செய்து வைத்திருக்கிறேன் நான்.

பரீனா இன்று லீவு, தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவள் வருவதற்குள் பாதி வேலையை முடித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். ‘எம் புள்ளி’ என்று தொடங்கும் பெயர்கள்தான் கூடுதல். முஸ்லிம் ஆட்கள் முக்கால்வாசிப் பேருக்கு அது மொஹமட்தானே. எம் புள்ளி வருகிற இடமெல்லாம் மொஹமட் என்று மாற்று — இவ்வளவுதான் தட்டினேன். மாற்றிவிட்டது. நானும் சேமித்துவிட்டேன். பிறகுதான் திரையைப் பார்த்தேன்.

புள்ளி என்றால் அதற்குப் புள்ளி இல்லையே! எந்த எழுத்தும் சரி என்றல்லவா. நான்தானே செவ்வாய்க்கிழமை பெருமையாக எழுதி வைத்தேன்? எம் என்ற எழுத்து எங்கே இருந்ததோ, அதற்கு அடுத்த எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு மொஹமட்டைப் போட்டிருக்கிறது. தோமஸ் ‘தோமொஹமட்ஸ்’. மூதூர் ‘மொஹமட்தூர்’. பேணாட் மனுவல், ‘பேணாட் மொஹமட்னுவல்’.

திருப்பி மாற்றவும் ஏலாது. விழுங்கின எழுத்து என்னவென்று இனி அதற்கே தெரியாது. போன கிழமை பிரதி எடுத்து வைத்த ரேப் நாடா இருக்கிறது. இந்தக் கிழமை ஏற்றியதும் திருத்தியதும் அதில் இல்லை.

ஒளித்து என்ன பலன், நேரே போய் ஸேரிடம் சொன்னேன். அவர் வந்து திரையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். “நல்ல காலம், என்ட பேரில எம் இல்லை” என்றார். பிறகு, திங்களுக்கிடையில் சரிசெய்யும்படியும், இனிமேல் முதலில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றும்படியும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

வீட்டிலும் அழுகைதான். பேணாட் தன் புதுப் பெயரைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். சீனி கூடுதல். குடித்தேன்.

13.2.82 சனி

நான் கூப்பிடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு பரீனா தானாகக் கிண்ணியாவிலிருந்து அலுவலகத்துக்கு வந்தாள், உம்மா கட்டிக் கொடுத்த இடியப்பத்தோடு. மாப்பிள்ளை வீட்டார் தங்கச்சியின் மூக்கைப் பற்றிக் குறை சொன்ன கதையைச் சொல்லிச் சொல்லி, ரேப்பில் இல்லாததையெல்லாம் தட்டினாள்.

15.2.82 திங்கள்

எல்லாம் பழையபடி. யேசுவே நன்றி.

16.2.82 செவ்வாய்

புள்ளியைப் புள்ளியாகவே எடு என்று சொல்வதற்கும் வழி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சாய்கோடு போடவேண்டும். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை முதலே வாசித்திருந்தால்!

சாய்கோடு போட்டு, காட்டு என்று மட்டும் கேட்டேன். உண்மையான எம் புள்ளிக்காரர் எல்லாரும் ஒழுங்காக வரிசைக்கு வந்தார்கள். மாற்று என்று தட்டப் போனபோது பரீனா என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, எங்கட ஆக்கள்ற எம் எல்லாம் மொஹமட் இல்லை. என்ட வாப்பா மீராசாகிபு.”

எனக்கு முகம் சுட்டுவிட்டது. இவ்வளவு நாள் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவள், அவளுடைய வாப்பாவின் பெயரை நான் கேட்டதே இல்லை.

அப்படியென்றால் என்ன செய்வது? ஆட்களைத்தான் கேட்கவேண்டும். யார் எம் புள்ளி என்று இயந்திரம் காட்டும். எம் என்ன என்று ஆள்தான் சொல்லவேண்டும்.

17.2.82 புதன்

தேத்தண்ணி நேரத்தில் இறங்குதுறைக்குப் போனோம். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே வருவது புதினம் போலப் பார்த்தார்கள். முதலில் பேணாட்டுக்கு வெட்கம். பிறகு தானே விஞ்சிலிருந்து இறங்கி, எம் புள்ளிக்காரர் எல்லாம் வாங்கோ என்று கூவத் தொடங்கினார். மஹ்மூது, மரியதாஸ், முத்துக்குமாரு, மீராலெப்பை. தகப்பன்மாரின் பெயரைச் சொல்லும்போது சிலர் நிமிர்ந்து நின்று சொன்னார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

தவராசா மட்டும் கிட்ட வரவில்லை. தோப்பூர்ப் பெடியன், மூட்டை இறக்குகிறவன், இருபத்தைந்து வயது இருக்கும். நானே போய்க் கேட்டேன். எம் என்றே இருக்கட்டும் என்றான். அப்படி விட்டால் பாஸ் தரமாட்டார்கள் என்றேன். தராவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

19.2.82 வெள்ளி

இன்றும் கேட்டேன், ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து. நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

“அது அம்மாட பேர் மிஸ். மரகதம்.”

தகப்பனைத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று தாய் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். எம் புள்ளி என்று நின்றவரைக்கும் ஒருவருக்கும் விளங்கவில்லை. இனி அதை முழுதாக எழுதி நெஞ்சில் குத்திக்கொண்டு திரியவேண்டும். பொம்பிளைப் பேர் என்று எல்லாரும் வாசிப்பார்கள்.

மாணிக்கம், முருகேசு என்று ஏதாவது போட்டுவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவனைத் தகப்பனாக்குவதற்கு நான் யார்?

20.2.82 சனி

தாயின் பெயரைப் போடலாமா என்று மத்தியானம் ஸேரிடம் கேட்டேன், யாருடைய விஷயம் என்று சொல்லாமல். அவர் உத்தரவை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். “முழுப் பேர் எண்டுதான் கிடக்கு. தகப்பன்ட பேர் எண்டு இல்லை. நீங்க போடுங்க, நான் கையெழுத்து வைக்கிறன்.”

தவராசாவிடம் சொன்னேன். தலையாட்டினானே தவிர, ஓம் என்றோ ஏலாது என்றோ சொல்லவில்லை.

22.2.82 திங்கள்

அவன் வேலைக்கு வரவில்லை.

23.2.82 செவ்வாய்

இன்றும் இல்லை. நான் கேட்டிருக்கவே கூடாதோ? ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் மட்டும்?

24.2.82 புதன். சாம்பல் புதன்

காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு அலுவலகம் போனேன். கதவடியில் தவராசா. செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தான், கோயிலுக்கு வந்தவன் மாதிரி. தாயைப் பார்க்க வீட்டுக்குப் போய் வந்தானாம். பெயரைப் போடட்டுமா என்று அவளிடம் கேட்டிருக்கிறான். அவளோ, இங்கிலீசில் என் பெயர் எப்படி இருக்கும், எழுதிக் காட்டு என்றாளாம்.

“போடுங்கோ மிஸ். முழுசாப் போடுங்கோ.”

பரீனா எழுந்து தன் கதிரையை அவனுக்குக் கொடுத்தாள். அவன் அதில் இருக்கவில்லை. எம் எழுத்தையும் புள்ளியையும் எடுத்துவிட்டு நான் எழுத்தெழுத்தாகத் தட்ட, அவன் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். மரகதம் தவராசா. திரையின் பச்சை வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. இனி இது அழியாதா என்று கேட்டான். நான் அழித்தால்தான் என்றேன். முதல் தடவையாகச் சிரித்தான்.

1.3.82 திங்கள்

எல்லாரும் புது பாஸோடு உள்ளே போனார்கள். ஒருவரையும் வாசலில் மறிக்கவில்லை.

19.3.82 வெள்ளி

வெள்ளிக்கிழமை, மரக்கறிதான். தபசு காலம்.

சாப்பிடும்போது பேணாட் வேலைக் கதை சொன்னார். இந்தக் கிழமை மூதூரிலிருந்து இன்னொரு தவராசா வந்து சேர்ந்திருக்கிறானாம். தவராசா என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் ஓடி வருகிறார்களாம்.

“பிறகென்ன, பழைய ஆளை எல்லாரும் பாஸில கிடக்கிறபடி மரகதம் எண்டுதான் கூப்பிடுறம். இண்டைக்கு மேல் தட்டில இருந்து நான் ஒரு கத்துக் கத்தினன், மரகதம், கயித்தை விடு எண்டு.”

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“என்ன சொல்லுறது? ஓம் அண்ணை எண்டான், விட்டான்.”

அந்தப் பெயரின் கதை பேணாட்டுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.